ஒரு சொட்டு ஸ்பிரிட்... பச்சையாகும் நீலச் சிறகு! பேட்டரி இல்லாத சென்சார்களை இயற்கையிடம் கற்கும் விஞ்ஞானிகள்

மார்ஃபோ என்று ஒரு பட்டாம்பூச்சி. மத்திய அமெரிக்கா, தென் அமெரிக்கக் காடுகளில் வாழ்வது. வெயிலில் பறந்தால் கண்ணைக் கூசவைக்கும் நீலம். இதன் சிறகில் ஒரு சொட்டு ஆல்கஹால் விட்டுப் பார்த்தால், சொட்டு விழுந்த இடம் மட்டும் பளிச்சென்று பச்சையாக மாறிவிடும். சில நொடிகளில் ஆல்கஹால் ஆவியாகிப் போனதும் மறுபடியும் அதே பழைய நீலம். திரும்பத் திரும்பச் செய்தாலும் இதேதான் நடக்கும்.

சாயம் எதுவும் கரையவில்லை. ரசாயன மாற்றமும் நடக்கவில்லை. ஏனென்றால் அந்தச் சிறகில் நீலச் சாயமே கிடையாது!

பார்க்க ஏதோ மேஜிக் போலத் தெரியும் இந்த விஷயத்தைத்தான் சுமார் 30 ஆண்டுகளாக உலகின் பல ஆய்வுக்கூடங்கள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. தண்ணீரில் ஈயம் கலந்திருக்கிறதா, காற்றில் விஷ ஆவி இருக்கிறதா, காலில் சுற்றிய கட்டு சரியான இறுக்கத்தில் இருக்கிறதா... இதையெல்லாம் பேட்டரி, ஒயர், டிஸ்ப்ளே எதுவும் இல்லாமல் நிறத்தை வைத்தே சொல்லிவிட முடியுமா என்பதுதான் கேள்வி. முடியும் என்று ஆய்வுக்கூடங்கள் எப்போதோ காட்டிவிட்டன. அப்புறம் ஏன் இன்னும் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கவில்லை? அங்கேதான் சுவாரஸ்யமான சிக்கல் இருக்கிறது.

சாயமே இல்லாமல் எப்படி நீலம்?

மழை பெய்த ரோட்டில் பெட்ரோல் சிந்தினால் வானவில் போல நிறங்கள் தெரியும். பெட்ரோலுக்கு அந்த நிறங்கள் கிடையாது. தண்ணீர் மேல் அது ஒரு மெல்லிய படலமாகப் பரவுகிறது. படலத்தின் மேல்பக்கத்தில் பட்டுத் திரும்பும் ஒளியும், அடிப்பக்கம் வரை போய்த் திரும்பும் ஒளியும் ஒன்றோடொன்று சேர்கின்றன. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் வேகம் கூடும், தப்பான நேரத்தில் தள்ளினால் நின்றுவிடும் இல்லையா, அதே கதைதான். படலத்தின் தடிமனுக்கு ஏற்ற அலைநீளம் மட்டும் பலமாகும், மற்றவை ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பலமான அந்த அலைநீளம்தான் நம் கண்ணுக்கு நிறம்.

மார்ஃபோவின் சிறகிலும் இதுதான் நடக்கிறது. சிறகு முழுக்க ஓடு வேய்ந்தது போல நுண்ணிய செதில்கள். ஒவ்வொரு செதிலிலும் வரிசை வரிசையாக முகடுகள். ஒரு முகட்டைக் குறுக்கே வெட்டி எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால், கிளைகள் அடுக்கடுக்காக இருபுறமும் நீண்ட கிறிஸ்துமஸ் மரம் மாதிரி இருக்கும். கிளை என்பது கைட்டின், அதாவது இறால் ஓட்டில் இருக்கும் அதே பொருள். கிளைகளுக்கு நடுவே காற்று. கைட்டின், காற்று, கைட்டின், காற்று என்ற இந்த அடுக்கின் இடைவெளி நீல ஒளியை மட்டும் பலமாகத் திருப்பி அனுப்பும் அளவில் அமைந்திருக்கிறது.

இப்போது ஆல்கஹால் சொட்டுக்கு வருவோம். காற்று இருந்த இடத்தில் ஆல்கஹால் புகுந்துகொள்கிறது. காற்றைவிட ஆல்கஹாலில் ஒளி மெதுவாகப் போகும். அதனால் பலமாகும் அலைநீளம் நீலத்திலிருந்து பச்சைக்கு நகர்ந்துவிடுகிறது. ஆல்கஹால் போனதும் காற்று திரும்பி வருகிறது, நீலமும் கூடவே வந்துவிடுகிறது.

இந்த மாதிரி நிறத்தை 'கட்டமைப்பு நிறம்' என்கிறார்கள். மயில் தோகையும் இதே ரகம்தான். சீனாவின் ஃபூடான் பல்கலைக்கழகத்தினர் 2003-ல் மயில் இறகை ஆராய்ந்தபோது, அதற்குள் மெலனின் குச்சிகள் சீரான கட்டம் கட்டமாக அடுக்கப்பட்டிருப்பதைப் பார்த்தார்கள். நீலப் பகுதியில் குச்சிக்குக் குச்சி சுமார் 140 நானோமீட்டர். பச்சைப் பகுதியில் சுமார் 150. அவ்வளவுதான் வித்தியாசம்! தலைமுடியின் தடிமனைச் சுமார் 80,000 நானோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அதில் 8,000-ல் ஒரு பங்கு மாறினாலே நீலம் பச்சையாகிவிடும்.

இந்த வரியில்தான் மொத்த விஷயமும் இருக்கிறது. 10 நானோமீட்டர் மாற்றத்தை எந்த ஸ்கேலாலும் அளக்க முடியாது, சாதாரண மைக்ராஸ்கோப்பிலும் பார்க்க முடியாது. ஆனா நிறம் அதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

இதை மோப்பம் பிடித்தவர்கள் ரொம்ப முன்னாடியே இருந்திருக்கிறார்கள். 1665-ல் வெளியான தன் 'மைக்ரோகிராஃபியா' நூலில் ராபர்ட் ஹூக், மயில் இறகைத் தண்ணீரில் நனைத்தால் அதன் நிறம் போய்விடுகிறது என்று எழுதினார். யோசித்துப் பார்த்தால், ஈரத்தைக் கண்டுபிடிக்கும் ஆப்டிகல் சென்சார் பற்றிய முதல் குறிப்பு என்றே அதைச் சொல்லலாம். திருச்சியில் பிறந்த சர் சி.வி.ராமனும் இந்த விஷயத்தில் இறங்கினார். நம்மூர் மின்கம்பிகளில் உட்கார்ந்திருக்கும் பனங்காடையின் நீல இறகை வைத்து, பறவைகளின் நிறம் எங்கிருந்து வருகிறது என்று 1934-ல் ஆய்வுக் கட்டுரை எழுதினார்.

சப்ஜா விதையும் செயற்கை ஓப்பலும்

நிறம் மாறுவதை வேடிக்கை பார்ப்பது ஒன்று, அதை வைத்து அளப்பது வேறொன்று. இந்த இரண்டாவது வேலையைச் செய்துகாட்டியவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக வேதியியலாளர் சான்ஃபோர்ட் ஆஷர்.

அவர் எடுத்துக்கொண்ட மாதிரி உயிரினம் இல்லை, ஓப்பல் கல். மோதிரத்தில் பதிக்கும் அந்தக் கல்லைத் திருப்பத் திருப்ப நிறம் மாறும். உள்ளே சிலிக்கா உருண்டைகள், ஒரே அளவில், லாலா கடை லட்டு அடுக்கியது போல ஒழுங்காக அடுக்கப்பட்டிருப்பதுதான் காரணம். ஆஷர் குழு, சிலிக்காவுக்குப் பதிலாக சுமார் 100 நானோமீட்டர் அளவுள்ள பிளாஸ்டிக் உருண்டைகளை எடுத்து, அவற்றை ஹைட்ரோஜெல் என்ற ஜெல்லிக்குள் ஒழுங்காக நிறுத்திவைத்தது.

ஜெல்லி ஏன்? சப்ஜா விதையைப் பாருங்கள். தண்ணீர் பட்டதும் ஊதிப் பெருத்துவிடும். ஹைட்ரோஜெல்லும் அப்படித்தான். ஜெல்லி ஊதினால் உள்ளே இருக்கும் உருண்டைகள் விலகும். உருண்டைகள் விலகினால் நிறம் சிவப்பு பக்கம் நகரும். இப்போது வேண்டியது ஒன்றே ஒன்று: நாம் தேடும் பொருள் வந்தால் மட்டும் ஊதும் ஜெல்லி.

ஈயத்தைக் கண்டுபிடிக்க, ஈய அயனியைக் கவ்விப் பிடிக்கும் 'கிரவுன் ஈதர்' என்ற மூலக்கூறை ஜெல்லியில் கட்டிவைத்தார்கள். ஈயம் வந்து மாட்ட மாட்ட ஜெல்லிக்குள் மின்னூட்டம் கூடும், தண்ணீர் உள்ளே வரும், ஜெல்லி ஊதும், நிறம் மாறும். சர்க்கரையைக் கண்டுபிடிக்க, குளுக்கோஸோடு வினைபுரியும் நொதியைக் கட்டினார்கள். ஹோல்ட்ஸ், ஆஷர் இருவரும் எழுதிய இந்த ஆய்வு 1997-ல் 'நேச்சர்' இதழில் வந்தது. குடிநீரில் ஈயம் கலந்தால் கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கும். அப்படிப்பட்ட ஒரு விஷத்தை ஒரு துண்டு ஜெல்லி நிறம் மாறிக் காட்டுகிறது என்றால் சும்மாவா!

ஆனா ஒரு பிரச்சினை. மின்னூட்டத்தை நம்பி ஊதும் இந்த ஜெல்லிக்கு உப்பு ஆகாது. உப்பு குறைவான தண்ணீரில் நன்றாக வேலை செய்தது, உப்பு அதிகமான கரைசலில் சோர்ந்துபோனது. நம் ரத்தமும் கண்ணீரும் உப்புக் கரைசல்கள்தானே. ஆஷர் குழு சும்மா இருக்கவில்லை. குளுக்கோஸைப் பிடிக்கும் முறையையே மாற்றி, உப்பு இருந்தாலும் வேலை செய்யும் ஜெல்லியை உருவாக்கி, கண்ணீரில் இருக்கும் குளுக்கோஸை அளக்கலாம் என்று 2004-ல் அறிவித்தது. காலையில் கான்டாக்ட் லென்ஸ் போட்டுக்கொண்டு, கண்ணாடியில் லென்ஸின் நிறத்தைப் பார்த்து, அட்டையில் இருக்கும் நிறங்களோடு ஒப்பிட்டால் போதும், விரலில் ஊசி குத்தவே வேண்டாம் என்பது திட்டம்.

20 ஆண்டுகளுக்குப் பிறகும் அப்படியொரு லென்ஸ் கடைக்கு வரவில்லை. ஒரு பெரிய காரணம் வேறோர் இடத்தில் தெரிந்தது. கூகுளின் சகோதர நிறுவனமான வெரிலி, எலக்ட்ரானிக் சிப் வைத்த குளுக்கோஸ் லென்ஸ் ஒன்றைப் பல ஆண்டுகள் முயன்றுவிட்டு 2018-ல் கைவிட்டது. கண்ணீரின் சர்க்கரைக்கும் ரத்தத்தின் சர்க்கரைக்கும் உள்ள தொடர்பு நிலையாக இல்லை என்பதுதான் அது சொன்ன காரணம். அதாவது சென்சார் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், அது அளக்கும் கண்ணீரே ரத்தத்தைச் சரியாகப் பிரதிபலிக்கவில்லை என்றால் என்ன செய்வது? இன்சுலின் அளவை முடிவு செய்யும் இடத்தில் 'ஏறக்குறைய' என்ற பேச்சுக்கு இடமில்லை.

நிறம் மாறியது சரி... மாற்றியது யார்?

எல்லா நிறமாற்ற சென்சார்களுக்கும் பொதுவான தலைவலி இதுதான். இடைவெளி மாறினால் நிறம் மாறும். ஆனால் இடைவெளியை எது மாற்றியது என்று நிறம் சொல்லாது. விஷ ஆவியும் மாற்றலாம், வெயிலும் மாற்றலாம். எல்லாவற்றையும்விட மோசமான எதிரி ஒன்று இருக்கிறது. காற்றின் ஈரப்பதம்.

இதற்கும் காட்டில் சாட்சி உண்டு. தென் அமெரிக்காவின் ஹெர்குலிஸ் வண்டு, காற்று காய்ந்திருக்கும்போது மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும். ஈரப்பதம் ஏறினால் கறுப்பாகிவிடும். அதன் மேலோட்டுக்குள் பஞ்சு மாதிரி ஒரு அடுக்கு இருக்கிறது. அதன் துளைகளில் காற்று இருந்தால் நிறம் தெரியும், தண்ணீர் புகுந்தால் நிறம் போய்விடும், அடியில் இருக்கும் கறுப்பு மட்டும் மிஞ்சும். பெல்ஜிய விஞ்ஞானிகள் 2008-ல் இதை விளக்கினார்கள். 2010-ல் தென் கொரிய ஆய்வாளர்கள் இந்த வண்டைப் பார்த்து ஈரப்பத சென்சாரே செய்துவிட்டார்கள். ஈரம் ஏற ஏற அது நீலப் பச்சையிலிருந்து சிவப்புக்குப் போகும்.

ஈரப்பதத்தை அளக்க இது அருமை. ஆனா வேறு எதையாவது அளக்கப் போகிறவருக்கு இதே குணம் வில்லன். ஏசி அறையில் சரியாக வேலை செய்த சென்சார், ஐப்பசி மழையில் சென்னைக்கு வந்தால் என்ன காட்டும் என்று சொல்ல முடியாது.

வழக்கமான தீர்வு என்ன? ஒரே சென்சாரை நம்பாமல் பல சென்சார்களை வரிசையாக வைப்பது. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு பூச்சு. எல்லாம் சேர்ந்து சொல்வதை வைத்து கம்ப்யூட்டர் ஊகிக்கும். 'எலக்ட்ரானிக் மூக்கு' என்று அழைக்கப்படுவது இதுதான். செலவும் அதிகம், ஒவ்வொரு சென்சாரும் தனித்தனி வேகத்தில் பழசாகிப் போகும்.

இந்த இடத்தில்தான் மார்ஃபோ மறுபடியும் கதைக்குள் வருகிறது. அமெரிக்காவின் ஜிஇ ஆய்வு மையத்தைச் சேர்ந்த ரடிஸ்லாவ் பொடிரைலோவும், பட்டாம்பூச்சிச் செதில்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த உயிரியலாளர் ஹெலன் கிராடெல்லாவும் இன்னும் சிலரும் சேர்ந்து, மார்ஃபோ சிறகின் மேல் வெவ்வேறு ஆவிகளைச் செலுத்திப் பார்த்தார்கள். சும்மா 'நிறம் மாறியதா' என்று பார்க்காமல், எந்தெந்த அலைநீளத்தில் எவ்வளவு மாறியது என்று முழு நிறமாலையையும் பதிவு செய்தார்கள். 2007-ல் 'நேச்சர் ஃபோட்டானிக்ஸ்' இதழில் வந்த முடிவு ஆச்சரியமானது. தண்ணீர் ஆவிக்கு ஒரு விதம், மெத்தனாலுக்கு ஒரு விதம், எத்தனாலுக்கு இன்னொரு விதம். ஒரே ஒரு சிறகு, ஒவ்வொரு ஆவிக்கும் தனித்தனியாகக் கையெழுத்து போட்டது போல மாறியிருந்தது.

மெத்தனாலையும் எத்தனாலையும் பிரித்துச் சொல்வது என்ன அவ்வளவு பெரிய விஷயமா என்று தமிழ்நாட்டில் யாரும் கேட்க மாட்டார்கள். ஒன்றில் ஒரு கார்பன் அணு, மற்றதில் இரண்டு. பார்வைக்கும் வாசனைக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். (பட்டாம்பூச்சிச் சிறகு ஆய்வுக்கூடத்தில் தூய ஆவிகளைத்தான் பிரித்தறிந்தது. சாராயத்தைச் சோதிக்கும் கருவியாக அது இன்னும் மாறவில்லை.)

ஒரே சிறகால் எப்படி இத்தனையைப் பிரித்தறிய முடிகிறது? விடை 2013-ல் கிடைத்தது. அந்தக் கிறிஸ்துமஸ் மரத்தின் உச்சியும் அடியும் வேதியியல்படி ஒரே மாதிரி இல்லை. உச்சிப் பக்கம் தண்ணீரோடு ஒட்டும் குணம் அதிகம், கீழே போகப் போக அது குறைகிறது. அதனால் தண்ணீர் போன்ற ஆவிகள் உச்சிக் கிளைகளில் அதிகம் ஒட்டும், மற்ற ஆவிகள் அடிக் கிளைகளை நாடும். எந்தக் கிளையில் ஒட்டினாலும் நிறம் மாறும், ஆனால் உச்சியில் ஒட்டினால் ஒரு மாதிரி, அடியில் ஒட்டினால் வேறு மாதிரி. பல சென்சார்கள் சேர்ந்து செய்யும் வேலையை ஒரே மரம் தன் கிளைகளை வைத்தே செய்துவிடுகிறது!

அடுத்த கட்டமாக, பட்டாம்பூச்சியே இல்லாமல் அதே மரத்தைச் செயற்கையாகச் செதுக்கினார்கள். மேலும் கீழும் வெவ்வேறு வேதிக் குணம் வருமாறு அமைத்தார்கள். 2015-ல் வெளியான அந்த ஆய்வில், காற்றின் ஈரப்பதம் கூடிக் குறைந்துகொண்டிருக்கும்போதே, கலந்து வரும் ஆவிகளைப் பிரித்து அளவும் சொன்னது அந்தச் செயற்கை மரம். வில்லனை விரட்டாமல் அவனையும் கணக்கில் சேர்த்துக்கொண்ட தீர்வு என்பதுதான் இதில் அழகு.

என்ன, செலவுதான். நானோமீட்டர் அளவில் கிளை கிளையாகச் செதுக்குவது சிப் தயாரிக்கும் தொழிற்சாலை பாணி வேலை. ஒரு கம்பளிப்புழு கூட்டுக்குள் இருந்துகொண்டு, இலை தின்ற தெம்பில், சத்தமே இல்லாமல் செய்துமுடிக்கும் காரியத்துக்கு மனிதனுக்கு கிளீன் ரூமும் எலக்ட்ரான் கற்றையும் தேவைப்படுகின்றன.

இதே குழு மார்ஃபோவை இன்னொரு வேலைக்கும் பயன்படுத்திப் பார்த்தது. கைட்டின் கிளைகள் மிக மெல்லியவை, அதனால் சட்டென்று சூடாகும், சட்டென்று ஆறும். சூடானால் விரியும், விரிந்தால் நிறம் மாறும். சிறகில் கார்பன் நானோகுழாய்களைத் தூவி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வெப்பத்தை கண்ணுக்குத் தெரியும் நிறமாற்றமாக ஆக்கினார்கள். 2012-ல் வெளியான அந்த ஆய்வில், ஒரு டிகிரியில் சுமார் 50-ல் ஒரு பங்கு வெப்ப மாற்றத்தைக்கூடச் சிறகு காட்டியது. நொடிக்கு 35 முதல் 40 முறை மாறும் அளவுக்கு வேகமும் இருந்தது. தெர்மல் கேமராக்களில் வழக்கமாக வெப்பத்தை வெளியேற்றத் தனி ஏற்பாடு வேண்டும், சிறகுக்கு அது தேவைப்படவில்லை.

வான்கோழியும் ஐபோனும்

செதுக்குவதுதான் செலவு என்றால், தானாகவே அடுக்கிக்கொள்ளும் பொருளைத் தேடினால் என்ன? கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சியுங்-உக் லீ தலைமையிலான குழு அப்படித்தான் யோசித்தது. அவர்களுக்கு வழிகாட்டியது வான்கோழி.

வான்கோழிக்குக் கோபமோ பரபரப்போ வந்தால் அதன் மொட்டைத் தலையும் கழுத்தும் சிவப்பிலிருந்து நீலம், வெள்ளை என்று மாறும். தோலுக்குள் கொலாஜன் நார்கள் கட்டுக் கட்டாக இருக்கின்றன. பரபரப்பில் ரத்தக் குழாய்களின் அளவு மாறும்போது நார்களுக்கு நடுவே உள்ள இடைவெளியும் மாறுகிறது. மீண்டும் அதே இடைவெளி, அதே கதை.

கொலாஜனுக்குப் பதிலாக லீ குழு எடுத்தது ஒரு வைரஸ்! எம்13 என்ற அந்த வைரஸ் பாக்டீரியாவை மட்டும்தான் தொற்றும், மனிதர்களை ஒன்றும் செய்யாது. நூல் போல நீளமானது. நீளம் சுமார் 880 நானோமீட்டர், அகலம் 7-ஐக்கூட எட்டாது. இந்த வைரஸ் கலந்த கரைசலில் ஒரு தகட்டை முக்கி மெல்ல மெல்ல மேலே இழுத்தால், கரைசல் காயும் விளிம்பில் வைரஸ்கள் தாமாகவே கட்டுக் கட்டாக ஒட்டிக்கொள்ளும். டீ கறை காயும்போது ஓரத்தில் மட்டும் அடர்த்தியாகப் படியுமே, ஏறக்குறைய அது போல. இழுக்கும் வேகத்தை மாற்றினால் கட்டின் தடிமன் மாறும், நிறமும் மாறும்.

வைரஸ் என்பதால் இன்னொரு வசதி. அதன் மரபணுவைத் திருத்தி, வேண்டிய பொருளைப் பிடிக்கும் புரதத் துணுக்கை அதன் உடலெங்கும் முளைக்கவைக்கலாம். லீ குழு வெடிமருந்தான டிஎன்டியைப் பிடிக்கும் துணுக்கை முளைக்கவைத்தது. காற்றில் 100 கோடியில் 300 பங்கு டிஎன்டி இருந்தாலே அந்தத் தகடு நிறம் மாறியது. தகட்டை ஐபோனில் படம் பிடித்தால், அதற்கென்றே எழுதிய ஆப் நிற மாற்றத்தைக் கணக்கிட்டுச் சொல்லும். 2014-ல் இது வெளியானபோது பரவலான கவனம் கிடைத்தது.

போன் கேமராவை நம்பலாமா?

கையில்தான் கேமரா இருக்கிறதே, அதை வைத்தே அளந்துவிடலாம் என்பது எல்லோருக்கும் தோன்றும் யோசனை. நடைமுறையில் சில முட்டுக்கட்டைகள் இருக்கின்றன.

போன் கேமரா ஒரு படத்தை எடுத்தபடியே காட்டுவதில்லை. டியூப்லைட் வெளிச்சமா, வெயிலா என்று ஊகித்து, வெள்ளை வெள்ளையாகத் தெரியும்படி எல்லா நிறங்களையும் திருத்திவிடும். செல்ஃபிக்கு அது வரம். நிறத்தையே அளவாகப் படிக்க வேண்டிய இடத்தில் அது சாபம். ஒரே தகடு இரண்டு கம்பெனி போன்களில் இரண்டு நிறமாகத் தெரியும். பக்கத்திலேயே நிறம் மாறாத ஒப்பீட்டு அட்டையை வைத்துப் படம் எடுப்பது, வெளி வெளிச்சம் புகாத சிறு பெட்டியைப் போனில் மாட்டுவது என்று சமாளிக்கிறார்கள்.

கோணம் இன்னொரு தொல்லை. ஓப்பலைத் திருப்பினால் நிறம் மாறுவது அழகு, ஆனால் சென்சாரைச் சற்றே சாய்த்துப் பிடித்ததும் 'விஷம்' என்று காட்டினால்? இதற்கும் மார்ஃபோ ஒரு விடை வைத்திருக்கிறது. அதன் முகடுகள் ஒரே உயரத்தில் இல்லை, கொஞ்சம் ஏறியும் இறங்கியும் ஒழுங்கில்லாமல் இருக்கின்றன. அந்த ஒழுங்கின்மையால்தான் பல கோணங்களிலிருந்து பார்த்தாலும் அது நீலமாகவே தெரிகிறது.

இதோடு மனிதக் கண்ணின் எல்லையும் உண்டு. நீலம் பச்சையானால் சட்டென்று தெரியும். நீலம் இன்னும் கொஞ்சம் நீலமானால் தெரியாது. சிவப்பு, பச்சை வித்தியாசம் பார்க்க முடியாத ஆண்கள் நம்மிடையே கணிசமாக இருக்கிறார்கள், அவர்களுக்கு 'சிவப்பு வந்தால் ஆபத்து' என்ற அட்டையால் பயனில்லை.

நெல்லிக்காயின் உறவினர் தந்த கட்டு

சரி, 'மாற்றியது யார்' என்ற குழப்பமே வராத ஒரு வேலையை இந்தப் பொருள்களுக்குக் கொடுத்தால்? மற்ற எல்லாவற்றையும்விட நோயாளியின் கைக்குச் சீக்கிரம் வரக்கூடியதாகத் தெரிவது இந்த வழிதான்.

மார்கரிட்டாரியா நோபிலிஸ் என்று அமெரிக்க வெப்பமண்டலக் காடுகளில் ஒரு மரம். நெல்லிக்காய், கீழாநெல்லி எல்லாம் சேர்ந்த அதே தாவரக் குடும்பம். அதன் கனி வெடித்தால் உள்ளே பளபளக்கும் நீலம். பறவைக்குச் சத்து என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, நிறத்தைக் காட்டி ஏமாற்றி விதையைப் பரப்பும் வேலை. அந்த நீலத்துக்குக் காரணம், கனியின் செல்களில் வெங்காயத் தோல் மாதிரி ஒன்றைச் சுற்றி ஒன்றாக அமைந்த வளைய அடுக்குகள்.

மத்தியாஸ் கோலே என்ற ஆய்வாளரும் சக ஆய்வாளர்களும் இதைப் பார்த்து ஓர் இழையை உருவாக்கி 2013-ல் வெளியிட்டார்கள். இரண்டு வகை ஒளிபுகும் ரப்பர் படலங்களை ஒன்றன் மேல் ஒன்று வைத்து, பாயைச் சுருட்டுவது போலச் சுருட்டினால் வளைய அடுக்குகள் தயார். ரப்பர் என்பதால் இழுக்கலாம். இழுத்தால் அடுக்குகள் மெலியும், மெலிந்தால் நிறம் சிவப்பிலிருந்து பச்சை, நீலம் என்று நகரும். இந்த இழையின் நிறத்தை மாற்ற ஒரே வழி அதை இழுப்பதுதான் என்று ஏறக்குறைய சொல்லிவிடலாம். ஆவி, உப்பு, சர்க்கரை என்று எந்தக் குழப்பமும் இல்லை.

பிறகு எம்ஐடி-க்குப் போன கோலே, மாணவர் ஜோசப் சாண்ட்டோடு சேர்ந்து இந்த இழைகளை ஒரு பேண்டேஜில் வைத்தார். எதற்கு? நாளெல்லாம் நின்றே வேலை பார்ப்பவர்களைக் கேட்டால் தெரியும். வெரிகோஸ் வெயின், ஊர் வழக்கில் நரம்பு சுருட்டல். ஜவுளிக்கடை ஊழியர்கள் மணிக்கணக்கில் நிற்பதால் வரும் கால் வலியும் இந்தத் தொல்லையும் பேசப்பட்டுப் பேசப்பட்டுத்தான், 2021-ல் தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கு இருக்கை தருவது சட்டத் திருத்தத்தால் கட்டாயமானது. இந்தப் பிரச்சினை முற்றினால் கணுக்காலுக்கு மேல் புண் வரும், மாதக்கணக்கில் ஆறாது. அதற்கு முக்கிய சிகிச்சை மருந்து இல்லை, இறுக்கமான கட்டு. கணுக்காலில் சுமார் 40 மி.மீ. பாதரச அழுத்தம் இருக்க வேண்டும் என்பது வழக்கமான இலக்கு.

லூஸாகக் கட்டினால் பலன் இல்லை. ரொம்ப இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டமே தடைபடும். (தமனியில் அடைப்பு இருப்பவர்களுக்கு இந்தக் கட்டே ஆபத்து, மருத்துவர் பரிசோதித்துச் சொன்ன பிறகுதான் கட்ட வேண்டும்.) கட்டுப் போடும் செவிலியருக்குக் கை அனுபவம்தான் அளவுகோல். வீட்டில் மகளோ மருமகளோ கட்டிவிட்டால் அதுவும் இல்லை. எவ்வளவு இழுக்க வேண்டும் என்று துணியைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

எம்ஐடி பேண்டேஜில் இழை எந்த நிறத்துக்கு வரும்வரை இழுக்க வேண்டும் என்று ஓர் அட்டை சொல்லும். 2018-ல் வெளியான சிறிய சோதனையில், கட்டுப் போட்டு அனுபவமே இல்லாத மாணவர்களிடம் மூன்று வகை பேண்டேஜ்களைக் கொடுத்தார்கள்: சாதாரணமானது, இழுத்தால் செவ்வகம் சதுரமாகும்படி அச்சிட்ட கடைச் சரக்கு, இந்த நிறம் மாறும் இழை வைத்தது. சரியான அழுத்தத்துக்கு மிக நெருக்கமாக வந்தது மூன்றாவதுதான்.

இழை தலைமுடியைப் போலச் சுமார் 10 மடங்கு தடிமன், அதனால் துணியோடு சேர்த்துத் தைக்க முடியும். கணுக்காலிலிருந்து முழங்கால் வரை ஒவ்வொரு சுற்றிலும் நிறம் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போகலாம். வீக்கம் வடிந்தோ, நடந்து நடந்தோ கட்டுத் தளர்ந்தால், இழை பழைய சிவப்புப் பக்கம் திரும்பத் தொடங்கும். அவிழ்த்துக் கட்ட வேண்டிய நேரம் எது என்பதற்கு இப்போது பெரும்பாலும் இருக்கும் ஒரே அடையாளம், கட்டு சரிந்து கணுக்காலில் விழுவதுதான்.